ஆயிரம் ரூபாய் ஹெட்போன்

அக்கா பையன் கேட்டான்: "மாமா, ஆயிரத்துக்குள்ள நல்ல ஹெட்போன் எது?"

பேர் சொல்லல. எப்படிப் பார்த்து வாங்கணும்னுதான் சொன்னேன்.

டப்பால "50 எம்எம் டிரைவர்", "20 - 20,000 ஹெர்ட்ஸ்"னு கொட்டை எழுத்துல போட்டிருப்பாங்க. அதை விட்டுரு. அதை வச்சு ஒலி நல்லா இருக்குமான்னு சொல்ல முடியாது.

மனப்பாடமா தெரிஞ்ச பாட்டைப் போடு.
நான் போடறது 'இளைய நிலா'.
கிட்டார் தந்தியில விரல் படுறது தனியாக் கேக்கணும். பேஸ் கிட்டார் கீழ ஓடணும், அது எஸ்.பி.பி. குரல் மேல ஏறி உக்காரக் கூடாது.
விலை குறைஞ்ச செட்டுல பலது இங்கதான் மாட்டும். பேஸை ஏத்திவிட்டு, குரலைக் கம்பளிக்குள்ள சுருட்டின மாதிரி ஆக்கிருவாங்க.

ரெண்டை ஒப்பிட்டா வால்யூமைச் சமமா வை. சத்தம் கூடினதுதான் காதுக்கு நல்லதாத் தெரியும்.

அப்புறம் கையில எடுத்துப் பாரு. ஒயர் கப்புக்குள்ள நுழையிற இடம், பின் சேர்ற இடம்.
அங்க ரப்பர் கழுத்து இல்லன்னா முதல்ல போறது அதுதான்.
கழட்டி மாட்டுற ஒயர்னா ஆயுசு கெட்டி.
ரெக்சின் குஷன் நம்ம ஊர் வேர்வைக்கு உரிஞ்சிரும். மாத்துக் குஷன் கிடைக்குதான்னு கேளு.

காஸ் போர்ட்டா ப்ரோன்னு ஒரு ஹெட்போன் 1984ல வந்தது. மெல்லிசான தகடு, பிளாஸ்டிக், ஸ்பாஞ்சு, அவ்வளவுதான். இன்னைக்கும் விக்கிறாங்க. ஆயிரத்துக்குள்ள வராது, ஆனா எளிமையான பொருள் எவ்வளவு காலம் நிக்கும்னு அதைப் பார்த்தாத் தெரியும்.

நீங்க புது ஹெட்போன்ல முதல்ல எந்தப் பாட்டைப் போடுவீங்க?