மல்லாட்டையும் மணிலாவும் ஒண்ணுதான், தம்பி!

மூன்றாம் வருட லீவில் திண்டிவனத்தில் இருக்கும் மாமாவின் தானிய மண்டிக்குப் போனேன். "எல்லா கணக்கையும் கிளவுடுக்கு மாத்திடலாம் மாமா, ஒரே வாரம்!" என்று விழுப்புரத்தில் பஸ் ஏறும்போதே போனில் சொல்லிவிட்டேன். கூகுள் பிக்குவெரி கத்துக்கிட்ட தைரியம்.

மூன்று வருட எக்செல் ஃபைல்களை ஒரே ராத்திரியில் ஏற்றினேன். காலையில் டேஷ்போர்டைக் காட்டி, "இந்த வருஷம் மணிலா வரத்து பாதியாயிடுச்சு மாமா" என்றேன். மாமா அதை நம்பி, மணிலா போடும் விவசாயிகளுக்கு ஒதுக்கியிருந்த அட்வான்ஸைக் குறைக்கக் கிளம்பிட்டார். கணக்கு எழுதும் ஐயாதான் திரையை உற்றுப் பார்த்தார்.

"தம்பி, மணிலா தனியா, மல்லாட்டை தனியா, வேர்க்கடலை தனியா இருக்கே. மூணும் ஒண்ணுதானே? இந்த வருஷம் பில் போடற பையன் மல்லாட்டைன்னுதான் எழுதுவான்."

ஊருக்கே தெரியும், பிக்குவெரிக்குத் தெரியாது. போதாக்குறைக்கு, நெல் மூட்டை 75 கிலோ, மணிலா மூட்டை 80 கிலோ. நான் மூட்டைகளை மட்டும் கூட்டியிருந்தேன். அந்த அட்வான்ஸில் விதை வாங்கக் காத்திருந்தவர்களை நினைத்ததும் வயிற்றைப் பிசைந்தது.

திட்டத்தை மாற்றினோம். முதல் மாதம் ஒரே கேள்வி: யாருக்கு எவ்வளவு பாக்கி? நோட்டும் ஓடும், கிளவுடும் ஓடும். தினமும் சாயந்திரம் இரண்டு கூட்டுத்தொகையும் ஒத்துப்போகணும். பயிர்ப் பெயர்களை ஐயா சொல்லச் சொல்ல நான் பட்டியல் போட்டேன். நான்கு வாரம் கணக்கு சரியாக வந்த பிறகுதான் அடுத்த கேள்வி.

செலவு? மாதம் முதல் 1 டெராபைட் வரை குவெரி இலவசம். எங்க மண்டிக்கு அது தாராளம். பெரிய டேபிள் வச்சிருப்பவங்க தேதிவாரியாகப் பிரிச்சு வைங்க. படிக்கும் டேட்டா அளவுக்குத்தான் காசு. சாதாரண டேபிளில் 'லிமிட் 10' போட்டாலும் பில் குறையாது.

மத்திய அரசின் இ-நாம் சந்தைத் தளமே 2016 ஏப்ரல் 14 அன்று 8 மாநிலங்களில் 21 மண்டிகளோடுதான் தொடங்கியது. 585 மண்டிகளை எட்ட 2018 மார்ச் ஆனது. நான் ஒரே ராத்திரியில் முடிக்கப் பார்த்தேன்!

"நோட்டு போனா நானும் போயிடுவேனோன்னு பயந்தேன் தம்பி" என்று ஐயா பிறகொரு நாள் சொன்னார். இப்போ அவர் ஓகே சொல்லாமல் பட்டியலில் ஒரு பெயர்கூட மாறாது. போன வாரம் அவரே போன் பண்ணினார்:

"ஈரோட்டு வியாபாரி ஒருத்தர் 'கல்லக்கா'ன்னு எழுதியிருக்கார். அதையும் சேத்துடு தம்பி."