தொப்பம்பட்டியிலிருந்து தெரியும் மலை

பழனிக்குப் போகாத தமிழர் குறைவு. பழனிக்கு வடக்கே, தாராபுரம் திசையில் பரந்து கிடக்கும் சீமையைச் சற்று நின்று பார்த்த தமிழரும் குறைவுதான். காவடி எடுத்து வருகிறவர்களின் கண்கள் மலைமேல் இருக்கும் கோபுரத்தின் மீதே பதிந்திருப்பதால், வழியில் இருக்கும் ஊர்களைக் கவனிக்க அவகாசம் ஏது?

அந்தச் சீமையில் ஓர் ஊர் தொப்பம்பட்டி. திண்டுக்கல் ஜில்லாவில் அதன் பெயரால் ஓர் ஊராட்சி ஒன்றியமே இருக்கிறது. யாத்திரை வழிகாட்டிகளில் இடம் பெறுவதற்கு அங்கே அருவியும் இல்லை, கோட்டையும் இல்லை. முருங்கை உண்டு, மக்காச்சோளம் உண்டு, தென்னை உண்டு. எட்டிப் பார்த்தால் தலை சுற்றும்படியான ஆழக் கிணறுகள் உண்டு. மழையை நம்பிப் பிழைக்கும் பூமி. மழையோ அந்தப் பூமியை அவ்வளவாக நினைப்பதில்லை.

ஆனால் தெற்கே திரும்பிப் பார்த்தால், ஆகா! வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டு பழனி மலைத்தொடர் நிற்கிறது. முற்பகலில் நீலம், மாலையில் கறுப்பு. வெயிலில் வெந்துகொண்டிருக்கும் சமவெளிக்காரனுக்கு, "மேலே குளிர்ச்சியாக ஓர் உலகம் இருக்கிறது, பார்த்துக்கொள்" என்று அது நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த உலகத்தின் பெயர் கொடைக்கானல்.

கொடைக்கானலை உல்லாச ஊராக்கியது எந்த ஜமீன்தாரும் அல்ல, எந்தக் கவர்னரும் அல்ல. சமவெளியில் ஊழியம் செய்ய வந்த அமெரிக்கப் பாதிரிமார்கள்தாம் முதன்முதலில் அங்கே வீடு கட்டிக் குடியேறியவர்கள். 1834-ஆம் வருஷம் யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்க மிஷனைச் சேர்ந்த இருவர் மதுரைக்கு வந்து வேலையைத் தொடங்கினார்கள். அடுத்த வருஷமே திண்டுக்கல்லிலும் மிஷன் கால் ஊன்றியது. வந்தவர்கள் இளைஞர்கள், பெரும்பாலோர் புதிதாய் மணம் முடித்தவர்கள். பனி கொட்டும் தேசத்திலிருந்து வந்த அவர்களைக் காலராவும் காய்ச்சலும் வாரிக்கொண்டு போயின. முதற் பத்து வருஷங்களில் மிஷன் இடுகாட்டுக்குக் கொடுத்த விலை அதிகம். கைக்குழந்தைகளின் கணக்கு வேறு. அந்தத் துக்கத்தின் விளைவாகத்தான் 1845-ல் மலைமேல் முதல் இரண்டு பங்களாக்கள் எழுந்தன. இன்று ஏரியில் படகு விடுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

இப்படி வந்த ஓர் இளம் பாதிரியாரின் நாள் எப்படிக் கழிந்தது? விடியற்காலையில் ஜபம். பிறகு முன்ஷி வருவார். பாதிரியாருக்குச் சம்பளம் அமெரிக்காவிலிருந்து. முன்ஷிக்குச் சம்பளம் பாதிரியாரிடமிருந்து. ஆனால் அந்த இரண்டு மணி நேரம் முன்ஷிதான் ராஜா. வேதசாஸ்திரத்தில் பட்டம் வாங்கி வந்தவர், 'ழ'கரத்தின் முன்னால் பாலர் வகுப்புப் பிள்ளையைப் போல் நாக்கைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மிஷன் நடத்தும் தமிழ்ப் பரீட்சையில் தேறியாக வேண்டும். புத்தகத் தமிழ் ஒருவாறு வந்துவிடும். அதைப் பேசிக்கொண்டு கிராமத்துக்குப் போனால், "துரை இங்கிலீஷ் பேசுகிறார்" என்று குடியானவர்கள் பயபக்தியோடு கேட்டுக்கொண்டிருப்பார்கள்! ஆயினும் இந்தக் கூட்டத்தில் தமிழுக்கு ஆயுளைக் கொடுத்தவர்களும் உண்டு. மதுரை மிஷனைச் சேர்ந்த சாண்ட்லர் என்பவர்தாம், 1913-ல் தொடங்கிய தமிழ் லெக்ஸிகனின் முதல் பதிப்பாசிரியர் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

பரீட்சை தேறிய பிறகு பள்ளிக்கூடங்களைச் சோதிப்பது, உபதேசிமார்களின் சம்பளக் கணக்கு, சபைக்குள் முளைக்கும் ஜாதிச் சச்சரவு, கிணற்றுத் தகராறு, கொய்னா மாத்திரை விநியோகம். திண்டுக்கல்லில் டாக்டர் செஸ்டர் என்பவர் நாற்பது வருஷத்துக்கு மேல் மருந்தும் கொடுத்து, பிரசங்கமும் செய்தார். சுற்றுப்பிரயாணம் போகும்போது பகல் வெயிலுக்கு அஞ்சி இரவிலேயே மாட்டு வண்டி கட்டுவார்கள். வண்டிக்குள் வைக்கோல் மெத்தை. வெளியே வண்டிக்காரன் பாட்டு. விடிந்ததும் தோப்பில் கூடாரம், இரவில் மாஜிக் லாந்தர் படம். படம் பார்க்க ஊரே திரண்டு வரும். படம் முடிந்து போதனை ஆரம்பமானால் பாதி ஊர் தூங்கப் போய்விடும்.

இவ்வளவு பாடுபட்டவர்களைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. எனினும் ஒரு விஷயத்தைச் சொல்லாமலிருக்க முடியாது. பங்களாவைச் சுற்றி ஒரு மதில் இருந்தது. உள்ளே பட்லர், சமையற்காரன், தோட்டக்காரன். சித்திரை வைகாசியில் மலைவாசம். மதிலுக்கு வெளியே இருந்தவனுக்கு, துரை நல்லவர்தான், ஆனாலும் துரை. கலெக்டர் வீட்டு மேஜையில் விருந்துண்ணுகிறவர், வரி கட்ட முடியாமல் கலெக்டருக்கு அஞ்சுகிறவனுக்குச் சகோதரனாவது எப்படி? 1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் நொபிலி, காவி உடுத்துச் சைவ உணவு உண்டதன் காரணம் இந்தத் தூரந்தான். அவர் உயர்ந்த ஜாதியாரை நெருங்கியபோது தாழ்த்தப்பட்டவர்களிடமிருந்து விலகி நிற்க நேர்ந்தது. மதில் இடம் மாறியதே ஒழிய இடியவில்லை.

மதுரை மிஷனிலேயே அந்த மதிலை இடிக்க முயன்ற ஒருவர் இருந்தார். அவர் பெயர் ரால்ஃப் ரிச்சர்ட் கெய்தான். 1925-ல் முப்பது வயது நிரம்பாத வாலிபராய் அமெரிக்காவிலிருந்து வந்தார். அதற்கு நாலு வருஷத்துக்கு முன்புதான் அதே மதுரையில் மகாத்மா காந்தி மேல்துணியைக் களைந்து நான்கு முழத் துண்டுக்கு மாறியிருந்தார். கெய்தான் கிராமங்களைப் பார்த்தார், காந்தியைப் படித்தார், பங்களா அவருக்குக் கசந்தது. கதர் உடுத்தினார்.

இங்கே ஒரு விவரம். முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு, அந்நிய நாட்டு மிஷன்கள் இந்தியாவில் வேலை செய்ய வேண்டுமானால் பிரிட்டிஷ் சர்க்காருக்கு ஓர் உறுதிமொழி தர வேண்டும் என்று ஏற்பட்டது. சட்டப்படி அமைந்த சர்க்காருக்கு மரியாதையும் கீழ்ப்படிதலும் காட்டுவோம், அரசியலில் தலையிடோம் என்பது அதன் சாரம். பசித்தவனுக்குச் சோறு போடலாம். பசி ஏன் வந்தது என்று கேட்கக் கூடாது!

1930-ல் ரெஜினால்ட் ரெய்னால்ட்ஸ் என்ற ஆங்கில வாலிபர் தெற்கே வந்தார். உப்புச் சத்தியாக்கிரகத்துக்கு முன் காந்திஜி வைஸ்ராய் இர்வினுக்கு எழுதிய கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர். கெய்தான் அவரைத் தம் வீட்டில் விருந்தினராக ஏற்றார். வந்தாரை உபசரிப்பது தமிழ்நாட்டில் தர்மம். அன்றைய சர்க்கார் அகராதியில் அது அரசியல். அதிகாரிகள் முகம் சுளித்தார்கள். கெய்தான் நாடு திரும்ப நேர்ந்தது. ஐந்து வருஷ ஊழியத்துக்கு ஒரு வேளை விருந்து உலை வைத்துவிட்டது.

அவர் ஒருவர்தாமா? திருப்பத்தூரில் ஏசுதாசனும், ஸ்காட்லாந்துக்காரரான டாக்டர் பாரஸ்டர் பேட்டனும் 1921-ல் கிறிஸ்துகுல ஆசிரமம் அமைத்தார்கள். ஊரார் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்று அழைத்தார்கள். 1932-ல் சென்னை வீதியில் கதர் உடையோடு நின்ற சின்னண்ணனைப் போலீஸ் அடித்தது. வெள்ளைத் தோல் அன்று அவரைக் காப்பாற்றவில்லை. அதைக் காட்டித் தப்ப அவர் விரும்பவும் இல்லை. 'துரை' என்பவன் 'அண்ணன்' ஆவதற்கு என்ன விலை என்பதை இந்த இருவர் கதையிலும் காணலாம்.

கெய்தான் மீண்டும் இந்தியாவுக்கு வந்தார். இம்முறை பெங்களூரில் ஏழை மக்களிடையே வாசம். பின்னாளில் சர்வோதயத் தலைவராக விளங்கிய ஜகந்நாதன், இளம் வயதில் அவரோடு சேர்ந்து உழைத்தவர். 1944-ல் சர்க்கார் இரண்டாம் முறையாக அவரை வெளியேற்றிற்று. சுதந்திரம் வந்த 1947-லேயே திரும்பிவிட்டார்! திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் நடுவே டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கிய சமயம் அது. கெய்தானும் அவர் மனைவி டாக்டர் மில்ட்ரெட்டும் இந்த ஜில்லாவின் கிராமங்களோடு தங்கள் வாழ்வைப் பிணைத்துக்கொண்டார்கள். இரண்டு தடவை துரத்தப்பட்ட மனிதர் மூன்றாம் தடவை வருவதற்கு, சம்பளமோ பதவியோ காரணமாக இருக்க முடியாது.

இனி ஒட்டன்சத்திரம். தொப்பம்பட்டிப் பக்கத்து மக்களுக்குச் சந்தையும் அதுதான், வைத்தியமும் அதுதான். அங்கே 1955-ல் டாக்டர் தரியன் என்பவரும் அவரைச் சேர்ந்தவர்களும் கேரளத்திலிருந்து வந்து கிறிஸ்தவ ஐக்கிய ஆஸ்பத்திரியை ஏற்படுத்தினார்கள். கெய்தானுக்கு இந்தக் கூட்டத்தோடு நெருங்கிய தொடர்பு உண்டு. இவர்கள் கடல் கடந்து வந்தவர்கள் அல்லர், மலை கடந்து வந்தவர்கள். இருந்தாலும் மொழி வேறு, சாப்பாடு வேறு, ஊர் வேறு. முன்ஷி வைத்துக்கொள்ள வசதியில்லாத மிஷனரிகள்!

தொப்பம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒட்டன்சத்திரத்துக்கு வந்த பஸ்ஸில் நமக்கு அருகே ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கட்டு முருங்கைக்காய்.

"சந்தைக்கா, பாட்டி?" என்றோம்.

"இல்லீங்க, ஆசுபத்திரிக்கு. முப்பது வருசமாப் போறனுங்க."

"டாக்டர்கள் வேற ஊர்க்காரர்கள் ஆயிற்றே, பேசுவது விளங்குமா?"

பாட்டி வாய் விட்டுச் சிரித்தாள். "ஒரு டாக்டரம்மா இருந்தாங்க. வந்த புதுசுல தமிழே வராதுங்க. எங்க நோகுதுன்னு கேக்கறதுக்கு என்னென்னமோ கேப்பாங்க. நாங்க சிரிப்போம், அவங்களும் சிரிப்பாங்க. அப்புறம் நாங்கதாஞ் சொல்லிக் குடுத்தோமுங்க."

பஸ் நின்றது. முருங்கைக் கட்டை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவளுக்கு முருங்கைக்காய் எதற்கு என்று கேட்டோம்.

"இப்ப இருக்கிற டாக்டரம்மாவுக்குங்க" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனாள்.