வாதுமை சிவக்கும் காலம்

நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தார்கள்: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இலையுதிர் காலம் என்று ஒன்று அதில் இல்லை. அது மொழிபெயர்ப்பு நாவல்களோடு வந்து சேர்ந்த விருந்தாளி. வந்ததும் வராததுமாக நம் கதாநாயகிகள் பலரை அதன் மரத்தடியில் நிறுத்திக் கண்ணீர் விட வைத்துவிட்டோம்.

பெயர்தான் இல்லையே தவிர, காட்சி உண்டு. தை பிறந்ததும் தாம்பரத்துத் தெருக்களில் நடந்து பாருங்கள். வாதுமை மரங்கள், பாதாம் மரம் என்கிறோமே அவைதான், சிவக்கத் தொடங்கியிருக்கும். உள்ளங்கையைவிடப் பெரிய இலை, மஞ்சள் ஓடி, குங்குமமாகி, பிறகு விழும்.

என் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு அது குப்பை. "வாசலைப் பெருக்கி மாளவில்லை ஸார். மரம் வெட்ட ஆள் சொல்லியிருக்கிறேன். நீங்கள் சம்மதித்தால் போதும்" என்றார். சொன்ன கையோடு, டொராண்டோவிலிருந்து மகன் அனுப்பிய மேப்பிள் மரப் படங்களைக் கைப்பேசியில் காட்டினார். "குளிர் தேசம் பாருங்கள், என்ன சிவப்பு!"

குளிருக்கும் அதில் பங்குண்டு. ஆனால் அடிப்படையில் அது தண்ணீர்க் கணக்கு. இலை இருக்கும்வரை மரத்திலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். கனடாவில் மண்ணின் ஈரம் உறைந்துவிட்டால் வேருக்குத் தண்ணீர் ஏது? தாம்பரத்திலோ மார்கழியோடு மழை ஓய்கிறது. அங்கே பனிக்கட்டி, இங்கே வறட்சி. மரத்துக்கு இரண்டும் பஞ்சமே. ஆகவே இலையின் பச்சையத்தைப் பிரித்து, சத்தைக் கிளைக்குத் திருப்பிக்கொண்டு, இலையைக் கழற்றி விடுகிறது. பச்சை விலகினால் ஒளிந்திருந்த மஞ்சள் தெரியும். மேப்பிளின் சிவப்பு மட்டும் அந்தக் கடைசி நாட்களில் புதிதாக உண்டாவது. பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிரும் இருந்தால் நன்றாக ஏறும்.

எல்லா மரமும் இப்படிச் செலவாளியல்ல. 1937-ல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி குடிவந்த இதே தாம்பரத்துப் புதர்க்காட்டில், சிறிய தடித்த இலைகளோடு ஆண்டு முழுதும் பச்சையாகவே காலம் தள்ளும் மரங்கள் உண்டு. சிக்கனக் குடும்பம்!

"அப்படியானால் மேப்பிள் கன்று ஒன்றை வரவழைத்து இங்கே வைத்தால்?" என்றார் பெரியவர்.

"பிழைக்காது. அதன் மொட்டு விழிக்க மாதக்கணக்கில் குளிர் வேண்டும். நம் மார்கழி எம்மாத்திரம்?"

சற்றுப் பொறுத்து, டொராண்டோவில் அந்த இலைகளை யார் பெருக்குகிறார்கள் என்று கேட்டேன்.

"மகன்தான்! சனி, ஞாயிறெல்லாம் வாரி வாரிக் காகிதப் பையில் கட்டுகிறானாம்" என்றார், பெருமையாக.

மறுநாள் அரிவாளோடு வந்த ஆள், அவர் வீட்டுப் பக்கம் நீண்டிருந்த ஒரு கிளையை மட்டும் வெட்டிவிட்டுப் போனான்.