குளியலறைக்கு ஒரு திட்டம்

வீடு கட்டியோர் தம் வீட்டின் சிறப்பை எடுத்துரைக்குங்கால் வாயிற்கதவின் தேக்கைப் பற்றிப் பேசுவர். கூடத்தின் காற்றோட்டத்தைப் பற்றிப் பேசுவர். மாடியில் நின்றால் தெரியும் துறைமுகத்துப் பளுதூக்கிகளைப் பற்றியும் பேசுவர். குளியலறையையும் கழிப்பறையையும் பற்றிப் பேசுவார் அரியர். இலக்கணம் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. அவையில் சொல்லத் தகாததை வேறு சொல்லால் மறைத்துரைப்பது இடக்கரடக்கல். 'கால் கழுவி வந்தான்' என்பதே வகுப்பறையில் அதற்கு நாம் வழக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டு. வடசென்னையின் மூத்த தலைமுறையினர் 'கொல்லைக்குப் போய் வருகிறேன்' என்பர். அவர்தம் வீட்டில் கொல்லையே இராது. மறைக்காமல் சொன்ன 'கக்கூசு' என்னும் சொல்லோ டச்சு மொழியிலிருந்து வந்தது என்பர். எண்ணூரைத் தாண்டி வடக்கே கடலோரமாகச் சென்றால் டச்சுக்காரர் கோட்டை கட்டியிருந்த பழவேற்காடு வரும். நாம் வாய்விட்டுச் சொல்லக் கூசிய பொருளுக்கு அயலார் சொல் வந்து கைகொடுத்தது போலும்!

பேச்சுக்கு அழகு தரும் இம்மறைப்பு, கட்டடம் திட்டமிடுவோர்க்குத் தடையாகிவிடுகிறது. இராயபுரத்தில் எங்கள் வீடு, துறைமுகத்தில் பணியாற்றிய எங்கள் பாட்டனார் வாங்கியது. முகப்பில் குறுகி, உள்ளே நீண்டு செல்லும் மனை. முற்றத்தையும் அடுக்களையையும் கடந்து கடைசியில் ஒரு குளியலறை. அதனுள்ளேயே தரையோடு பதித்த கழிப்புப் பீங்கான். மூன்று தலைமுறைகள் அதைக் கொண்டே வாழ்ந்துவிட்டன. சென்ற ஆண்டில்தான் வீட்டு மருமகள் வாயிலாக ஒரு செய்தி எங்களுக்கு எட்டியது. எழுபத்தெட்டு வயதான எங்கள் தாயார், அஸர் தொழுகைக்குப் பின் தண்ணீர் அருந்துவதையே விட்டுவிட்டார். இரவில் எழுந்து போக நேருமே என்னும் அச்சம். குந்தி அமர்ந்தால் முழங்கால் எழ விடுவதில்லை. வாளியின் விளிம்பைப் பற்றிக்கொண்டு எழுகிறார். ஆண்மக்களிடம் இதை எந்தச் சொல்லால் கூறுவது? நேரில் வினவியபோதும், "எனக்காக வீட்டை இடிப்பீர்களா தம்பி? இருக்கிற காலம் வரைக்கும் இப்படியே போகட்டும்" என்றே விடையிறுத்தார். முதுமையில் நீரருந்துவதைக் குறைத்தால் தலைச்சுற்றலும் சிறுநீர்த் தொற்றும் தேடி வரும் என்பதை மருத்துவர் வேறு எடுத்துரைத்தார். அன்றே முடிவாயிற்று.

எங்களில் எவரும் இதற்குமுன் ஒரு குளியலறையைத் திட்டமிட்டவர் அல்லர். கடைக்குச் சென்றால் அங்கே பேசப்படுவது நிறமும் பளபளப்பும். எனவே கடையை ஒத்திவைத்து, ஒரு தாளில் அறையின் அளவை எழுதினோம். தென்வடலாக ஐந்தடி, கிழமேலாக எட்டடி. அதில் இரண்டரை அடியைச் சிமெண்டுத் தொட்டி விழுங்கிக்கொண்டிருந்தது. அத்தொட்டியை எடுத்துவிடலாமா என்பதே முதல் வழக்கு.

வடசென்னையின் குளியலறை நெடுங்காலம் நீரைச் சேமித்து வைக்கும் அறையாகவே இருந்தது. 1772இல் கோட்டைக்கு நீர் வழங்கத் தொடங்கிய ஏழு கிணறு எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவுதான். 1872இல் புழல் ஏரியின் நீர் நகருக்கு வந்தது. குடிநீர் வாரியம் அமைந்தது 1978இல். இவ்வளவு வந்தும் வாரியத்தின் குழாயில் அழுத்தம் போதாமையால், வீட்டுக்கு வீடு அடிகுழாய் பொருத்தி, விடியுமுன் அடித்து நிரப்பியதே எங்கள் தாயாரின் நடுவயது வாழ்க்கை. நிலத்தடி நீரை நம்பலாம் என்றால், மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் நிலத்தடியில் உட்புகுந்ததை அரை நூற்றாண்டுக்கு முன்பே ஆய்வாளர் குறித்துவிட்டனர். எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றிலும் உவர்நீர்தான். காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010இல் தொடங்கியபின் வடசென்னைக்குச் சற்று மூச்சு வந்தது. ஆகவே தொட்டி வேண்டுவதில்லை என்றோம். தாயார் ஒரே கேள்வியில் எங்களை மடக்கினார்: "சோலையார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருடம் எது?" 2019. மறுக்க முடியவில்லை. தொட்டியை இடித்து இடத்தை மீட்பது, அதற்கீடாக முற்றத்துக்குக் கீழுள்ள நீர்த்தொட்டியைச் சீராக்கி மூடி போடுவது என்று சமாதானமாயிற்று.

மாடியில் இரண்டு தொட்டிகள். ஒன்றில் வாரியத்து நீர், மற்றதில் உவர்நீர். குளிக்கவும் ஒளுச் செய்யவும் நல்ல நீர், கழிப்பறைக்கு உவர்நீர். கடல்நீரும் தூய்மைப்படுத்தும் நீரே என்பது மார்க்கத் தீர்ப்பாதலின் ஒளுவுக்கு உவர்நீர் ஆகாது என்பதில்லை. ஆனால் பித்தளைக் குழாய்த் தலைகளுக்கு அஃது ஆகாது. அதனால் உவர்நீர் வழியில் பிளாஸ்டிக்குக் குழாய்த் தலைகளே போதும் என்று முடிவு செய்தோம். பழைய நீர்ப்பெட்டி ஒருமுறை இழுத்தால் பத்து லிட்டருக்குக் குறையாமல் கொட்டும். இப்போது வரும் பெட்டிகளில் இரு பொத்தான்கள். ஒன்று ஆறு லிட்டர், மற்றது மூன்று. ஐவர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஐந்து முறை எனக் கொண்டால், நாளொன்றுக்கு 250 லிட்டர் போய்க்கொண்டிருந்த இடத்தில் 90 லிட்டர் போதும். ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் நீரை விரயம் செய்யலாகாது என்று கற்பித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், ஏறத்தாழ முக்கால் லிட்டர் நீரில் ஒளுச் செய்தார்கள் என்பதை அறிந்தோர்க்கு இக்கணக்கு வியப்பளிக்காது.

நீர் வரும் வழி இவ்வாறு முடிந்தது. போகும் வழியில்தான் உண்மையான இடர் காத்திருந்தது.

கொத்தனார் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் சுவரைப் பார்க்கவில்லை. நேரே தெருவுக்குச் சென்று பாதாளச் சாக்கடையின் மூடியைப் பார்த்தார். பிறகு தெளிந்த பிளாஸ்டிக் குழாயில் நீர் நிரப்பி, ஒரு முனையைத் தெருவிலும் மறுமுனையைக் குளியலறையிலும் பிடிக்கச் செய்து மட்டம் பார்த்தார். "பாய், தெரு உங்கள் குளியலறையைவிடப் பத்து அங்குலம் உயரம்" என்றார். வீடு தாழவில்லை, தெருதான் உயர்ந்துவிட்டது. பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுச்சாலை போட்டுப் போட்டு வந்ததன் விளைவு. வண்ணாரப்பேட்டை முதல் திருவொற்றியூர் வரை பழைய வீடுகளின் வாசற்படிகள் ஒவ்வொன்றாய் மண்ணுக்குள் போயிருப்பதை இம்மலரைப் படிக்கும் மாணவர்கள் தங்கள் தெருவிலேயே காணலாம்.

இதனால் விளைவது யாதெனின், மழைக்காலத்தில் தெருச்சாக்கடை நிரம்பினால் கழிவுநீர் தெருமூடி வழியாக வெளிவருமுன், தன்னோடு இணைந்த வாய்களில் எது தாழ்ந்திருக்கிறதோ அதைத் தேடி வெளிவரும். இணைந்த கலங்களில் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும் என்று பள்ளியில் படித்த பாடம்தான். தாழ்ந்த வாய் எங்கள் குளியலறை. ஒவ்வொரு பெருமழையிலும் அங்கே கணுக்கால் அளவு கரிய நீர் நின்றதன் காரணம் அன்றுதான் துலங்கியது. எங்கள் நிலை எவ்வளவோ மேல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்தபோது எர்ணாவூர், எண்ணூர்ப் பகுதி வீடுகளுக்குள் நீரோடு கச்சா எண்ணெயும் புகுந்து சுவரெல்லாம் அப்பிக்கொண்டது.

கொத்தனார் சொன்ன தீர்வு எளியது. தரையைப் பதினான்கு அங்குலம் உயர்த்திவிட்டால் தெருவைவிட நான்கு அங்குலம் மேலே போய்விடலாம். நான்கங்குலக் குழாய்க்கு நாற்பதடிக்கு ஓரடி சாய்வு வேண்டும். உயர்த்தினால் அந்தச் சாய்வும் தாராளமாகக் கிடைக்கும். எல்லாம் சரியே. ஆனால் பதினான்கு அங்குலம் என்பது இரண்டு படிகள். யாருக்காக இவ்வேலையைத் தொடங்கினோமோ, அவர் இரவில் அவ்விரண்டு படிகளை ஏற வேண்டும்! கழிவுநீருக்கு அஞ்சிப் படியை வைப்பதா, படிக்கு அஞ்சிக் கழிவுநீரை உள்ளே விடுவதா?

இப்பதினான்கு அங்குலத்தைச் சுற்றியே எங்கள் வீட்டில் மூன்று வாரம் பேச்சு நடந்தது. குழாய்ப் பணியாளர், நீர் ஒரு திசையில் மட்டும் செல்ல விடும் வால்வு ஒன்றைப் பொருத்திவிட்டால் தரையை உயர்த்த வேண்டாம் என்றார். அந்த மடல் முடியும் துணியும் சிக்கினால் மூடாமல் நின்றுவிடும். சரியாக மூடிக்கொண்டாலோ, தெருநீர் வடியும்வரை நம் வீட்டு நீரும் வெளியே போகாது. மழையிரவில் எவர் அதைத் திறந்து துடைப்பது? தமையனார், பீங்கானை மட்டும் மேடைமேல் வைக்கலாம் என்றார். குளிக்கும் தரை தாழ்ந்தே இருக்குமாதலின் அதன் வடிகால் வழியாக நீர் வந்துவிடும்.

விடை அடுக்களைக்கும் குளியலறைக்கும் இடையிலுள்ள நடையில் கிடந்தது. படி இல்லாமல் சாய்தளம் அமைப்பதென்றால், ஓரங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் வேண்டும் என்பது மாற்றுத்திறனாளிகளுக்கான கட்டடங்களில் கொள்ளும் அளவு. பதினான்கு அங்குலத்துக்குப் பதினான்கடி. நடையை அளந்தோம்: பதினேழடி! சாய்தளம் போக, கதவின்முன் நின்று மூச்சுவாங்கச் சமதளமாக மூன்றடி மிஞ்சியது. எங்கள் பாட்டனார் வாங்கிய நெடுமனையை நாங்கள் பன்முறை குறை கூறியதுண்டு. அன்று அதன் நீளம் அருளாகத் தோன்றியது. சாய்தளத்தின் ஒரு பக்கம் மழைநீர் ஓடச் சிறு வாய்க்கால், மறுபக்கம் சுவரையொட்டிக் கைப்பிடிக் குழாய். தரைக்குப் பளிங்கு வேண்டாம், கொத்திய கடப்பைக் கல்லே போதும் என்பது தாயாரின் சொல். ஈரக்காலுக்கு அதனினும் நல்ல தரை இல்லை.

அடுத்தது திசை. மலங்கழிக்கும்போது கிப்லாவை முன்னோக்கியும் பின்னோக்கியும் அமரலாகாது என்பது மார்க்க ஒழுங்கு. கட்டடத்துக்குள் இதில் தளர்வு உண்டென்று கொள்ளும் மத்ஹபும் உண்டு. எனினும் புதிதாக வைக்கும்போது சரியாக வைப்பதே நன்று. சென்னையிலிருந்து கிப்லா நேர்மேற்கன்று. மேற்கிலிருந்து ஏறத்தாழ 18 பாகை வடக்கே. குழாய்ப் பணியாளர் தம் வசதிக்கு மேற்குச் சுவரைக் காட்டினார். வடக்குச் சுவரையொட்டித் தெற்கு நோக்கி வைக்கச் சொன்னோம். ஐந்தடியில் நாற்காலிப் பீங்கான் போக முன்னே இரண்டரை அடி எஞ்சும். எழுந்து நிற்க அது போதும். ஒளுச் செய்யும் இடத்தை அறைக்குள் வைக்காமல் முற்றத்தில் வைக்கிறோம். அமர்ந்தபடி கால் கழுவ ஒன்றேகால் அடி உயரத் திண்ணை, எதிரே தாழ்ந்த குழாய். முகம் கழுவும் தொட்டியில் காலைத் தூக்கி வைத்து முதியோர் தடுமாறுவதை எத்தனை வீடுகளில் கண்டிருக்கிறோம்!

மற்றவை சுருங்கச் சொல்லத் தக்கன. தரைச்சாய்வு பத்தடிக்கு ஒன்றரை அங்குலம். வெந்நீர்க் கருவிக்குத் தனி மின்வழியும், கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும். துண்டு போடும் கம்பியைக் கைப்பிடியாக எண்ணிவிடக் கூடாது. ஆளின் பாரத்தை அது தாங்காது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய எங்கள் பழஞ்சுவரில் திருகாணியும் நில்லாது என்று கொத்தனார் தட்டிக் காட்டினார். ஆகவே கைப்பிடி வரும் உயரத்தில் மட்டும் செங்கல்லை எடுத்துவிட்டுக் கான்கிரீட்டுப் பட்டை போடவிருக்கிறோம்.

இங்கிருந்து செல்லும் கழிவுநீர் கொடுங்கையூர் சுத்திகரிப்பு நிலையத்தை அடைகிறது. அதில் ஒரு பகுதியை மேலும் தூய்மையாக்கி மணலி, எண்ணூர்த் தொழிற்சாலைகளுக்கு வழங்கும் நிலையம் 2019இல் அங்கே தொடங்கிற்று. நாம் ஊற்றிய நீர் ஆலைகளுக்குப் பயன்படுகிறது என்பது வடசென்னையார் பெருமையோடு சொல்லிக்கொள்ளத் தக்கதே. ஆயினும் இடைவழியில் அடைத்துக்கொண்டால் இறங்குவது ஒரு மனிதன்தான் என்னும் நிலை இன்னும் முற்றும் நீங்கவில்லை. 1993இலும் 2013இலும் சட்டங்கள் வந்தன. எங்கள் மனைக்குள் திருப்பத்துக்குத் திருப்பம் ஆழமில்லாத ஆய்வுத்தொட்டி வைக்கச் சொல்லியிருக்கிறோம். மேலே நின்றபடியே கழியைச் செலுத்தலாம். எவரும் உள்ளே இறங்க வேண்டியதில்லை. இதற்குச் செலவு சற்றுக் கூடுதல். அதுபற்றி வீட்டில் எதிர்ப்பேச்சு எழவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்ததும் வேலை தொடங்கவிருக்கிறது. அதுவரை எங்கள் குடும்பத்துக்கு அடுத்த தெருவிலுள்ள சிற்றன்னை வீட்டுக் குளியலறை. தாள்மீது எல்லாம் முடிந்துவிட்டது, கதவின் தாழ்ப்பாள் ஒன்று நீங்கலாக. உள்ளே தாயார் தடுமாறினால் வெளியிலிருந்து நாணயத்தால் திருகித் திறக்கும் தாழ்ப்பாள் வேண்டும் என்பது எங்கள் கருத்து. "நான் உள்ளே இருக்கும்போது வெளியிலிருந்து திறக்கிற தாழ்ப்பாளா?" என்று அவர் கேட்கிறார். கொத்தனார் இருவகைத் தாழ்ப்பாளையும் வெள்ளிக்கிழமை கொண்டுவந்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். தாமே பூட்டித் திறந்து பார்த்த பின்பே சொல்வேன் என்று தாயார் கூறிவிட்டார்.