மூன்று அங்குலம் குறைந்த கூரை

பிப்ரவரி 10, சனி

வண்டி வந்து இறங்கியது. வண்டி என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். லாரியிலிருந்து இறங்கியவை சக்கரம் இல்லாத ஒரு சேஸிஸ், அதன்மேல் கயிறு போட்டுக் கட்டிய உடற்கூடு, தனியாக இரண்டு கதவு, பழப்பெட்டிகள் நிறைய நட்டும் போல்ட்டும். 1932ஆம் வருடத்து ஃபோர்டு கூப்பே. கதவுக்கொன்று, கதவுக்குப் பின்னால் பக்கத்துக்கொன்று, முதுகில் ஒன்று என்று ஐந்து ஜன்னல் இருப்பதால் இந்த ஊரில் இதற்கு ‘ஃபைவ் விண்டோ’ என்று பெயர்.

விற்றவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. தெற்குக் கலிபோர்னியாவில் விமானத் தொழிற்சாலைகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் லேத்தில் நின்றவர். அறுபதுகளில் வாங்கி ஓட்டினார், எழுபதுகளில் பிரித்தார், பிரித்தது பிரித்தபடியே கிடந்தது. வண்டியோடு தன்னையும் சேர்த்து விற்றுவிட்டதாக நினைக்கிறார் போலிருக்கிறது. சனிக்கிழமைதோறும் வந்து உட்காருவேன், காபி கொடுத்தால் போதும் என்றார்.

மனைவி சுற்றிவந்து பார்த்தாள். மேலே எட்டிப் பார்த்தவள், “ஏனுங்க, கூரையே இல்லாத வண்டிக்கா இத்தனை காசு?” என்றாள். கூரையின் நடுவே பெரிய ஓட்டைதான். ஆனால் துரு தின்றதல்ல, கம்பெனியே விட்டது. அவ்வளவு அகலக் கூரையை ஒரே தகடாக அழுத்தி எடுக்கும் வசதி அன்றைக்கு இல்லை. மரச்சட்டம் வைத்து, கோழிவலை விரித்து, பஞ்சு பரப்பி, தண்ணீர் இறங்காத துணியால் மூடிவிடுவார்கள். ஃபோர்டு கார்களுக்கு முழு இரும்புக் கூரை வந்தது 1937இல். இதையெல்லாம் விளக்கிச் சொன்னேன். “கோழிவலையா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பிப்ரவரி 17, சனி

முதல் வேலை நம்பர் தேடுவது. சேஸிஸின் இடது சட்டத்தில் மண்ணெண்ணெய் விட்டு எமரித் தாளால் தேய்த்தோம். துரு கரைந்து ஒரு நட்சத்திரம் தெரிந்தது. பிறகு 18, ஒரு சிறு கோடு, வரிசை எண், மறுபடி ஒரு நட்சத்திரம். 18இல் தொடங்கினால் வி-8 இன்ஜினோடு பிறந்த சட்டம். பதிவுத்தாளில் இருந்த எண்ணும் இதுவும் ஒன்றுதான். அப்பாடா என்றிருந்தது. நம்பர் ஒத்துப்போகாமல் தவிப்பவர்களின் கதைகளை நிறையக் கேட்டிருக்கிறேன்.

இந்தச் சட்டத்துக்குத்தான் இத்தனை மவுசு. மற்ற வருடத்து ஃபோர்டுகளில் மட்கார்டைக் கழற்றினால் உள்ளே இருக்கும் சேஸிஸ் பார்க்க அலங்கோலமாக இருக்கும். 1932இல் மட்டும் பக்கச் சட்டம் வெளியே தெரியும்படி வரைந்திருக்கிறார்கள். முன்னிருந்து பின்வரை ஒரு வளைவு, அதை ஒட்டியே தகட்டில் அழுத்திய ஒரு வரி. மட்கார்டு நான்கையும் கழற்றி வீசினாலும் வண்டி முழுமையாகவே நிற்கும். கையில் காசில்லாத பையன்களுக்கு அது போதுமே! எடையைக் கழற்று, இன்ஜினைக் கிளப்பு. ஹாட் ராட் என்ற சமாசாரத்தின் மொத்தச் சூத்திரமும் இவ்வளவுதான்.

மார்ச் 3, ஞாயிறு

வண்டியோடு இன்ஜின் வரவில்லை. பொமோனாவில் கூடும் பழைய கார்ச் சந்தையில் ஒரு பிளாக் பிடித்தேன். விடியுமுன் டார்ச் லைட்டோடு போகவேண்டும். வெயில் ஏறினால் நல்ல சாமான் கைமாறிவிடும். பின்பக்கம் 59 என்று வார்த்திருந்தது. 1946 முதல் 1948 வரை வந்த வகை, 239 கன அங்குலம், 100 குதிரைத்திறன்.

1932இல் வந்த மூல இன்ஜின் இன்னும் சின்னது. 221 கன அங்குலம், அதாவது 3.6 லிட்டர், 65 குதிரைத்திறன். ஹென்றி ஃபோர்டு அதை ரகசியமாகவே உருவாக்கினார். டியர்பார்னில் அவர் கட்டிய கிரீன்ஃபீல்டு கிராமத்துக்கு எடிசனின் ஃபோர்ட் மயர்ஸ் ஆய்வுக்கூடத்தைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருந்தார். அதற்குள் இரண்டு மூன்று பேரை உட்காரவைத்து வரையச் சொன்னார். எட்டு சிலிண்டரையும் கிராங்க் அறையையும் ஒரே வார்ப்பாக, அதுவும் மலிவாக எடுக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அதுவரை வி-8 என்பது பணக்காரர் சங்கதி. 1932 மார்ச் கடைசியில் அதை வெளியிட்டபோது அமெரிக்காவே வேலையில்லாமல் தெருவில் நின்றுகொண்டிருந்தது. பத்து வருடம் கழித்து இதே கார்கள் பழைய சாமான் விலைக்கு இறங்கின. பையன்கள் கைக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தன.

ஏப்ரல் 7, ஞாயிறு

மண். இரண்டு வாரமாக மண்தான்.

இந்த இன்ஜினின் பெரிய வியாதி சூடு. வால்வெல்லாம் ஹெட்டில் இல்லை, சிலிண்டர் பக்கத்திலேயே பிளாக்குக்குள் நிற்கின்றன. புகை வெளியேற வேண்டுமானால் பிளாக்கின் குறுக்கே, தண்ணீர் ஓடும் அறையைத் தாண்டிப் போகவேண்டும். பக்கத்துக்கு நான்கு சிலிண்டர், வெளியேற மூன்றே வாசல். நடுவில் உள்ள இரண்டும் ஒரே வாசலைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. எரிந்த புகையின் சூடெல்லாம் தண்ணீரில் இறங்காமல் வேறெங்கே போகும்?

போதாக்குறைக்கு, வார்ப்படத்தின்போது அச்சாக வைத்த மணல் தண்ணீர் அறைகளின் மூலைகளில் அப்படியே தங்கிவிடுகிறது. பிளாக்கைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, வளைத்த கம்பியை ஒவ்வொரு துவாரமாக நுழைத்துக் குடைகிறேன். முதலில் செந்துரு வண்டலாகக் கொட்டும். அதன் பின்னால் கறுத்து இறுகிய வார்ப்பு மணல், பாக்குத் துண்டு அளவில் கட்டிகட்டியாக விழும். ஒரு தடவை வார்ப்புக்காரன் அச்சுக்குள் வைத்த கம்பியே வந்தது. எழுபத்தைந்து வருடமாக அது உள்ளேயே வெந்துகொண்டிருந்திருக்கிறது. ஒரு வாளி நிறைய எடுத்தாயிற்று. கொஞ்சம் தட்டினால் இன்னும் கொட்டுகிறது. சூடேறுகிறது என்று திட்டுபவர்களில் பாதிப் பேர் மணலோடு சேர்த்து ஓட்டுகிறவர்கள் என்பது வண்டியை விற்ற பெரியவர் கட்சி. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

மே 11, சனி

பிளாக் கடைசலுக்குப் போய்விட்டது. காந்தப் பொடி தூவிப் பார்த்ததில் வால்வு சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே கீறல் இல்லை. இந்த வகைக்கு அது அதிர்ஷ்டம். சிலிண்டரை 3 5/16 அங்குலத்துக்குப் போரிங் செய்து, நாலு அங்குல ஸ்ட்ரோக் உள்ள மெர்குரி காரின் கிராங்க் போட்டால் 276 கன அங்குலம் வரும். அந்தக் காலத்துப் பையன்கள் செய்த அதே கணக்கு. ஆறு வாரத்தில் தருவதாகச் சொன்னார்கள். நான் ஆறு மாதம் என்று எழுதி வைத்துக்கொண்டேன்.

இனி டிங்கரிங். கூரையை யாரோ மூன்று அங்குலம் இறக்கியிருக்கிறார்கள் என்று வாங்கும்போதே தெரியும். பெரியவர் வாங்கும்போதே அப்படித்தான் இருந்ததாம். ஐம்பதுகளின் வேலை, யார் கை என்று தெரியாது. பெயின்டையும் பட்டியையும் எடுத்துவிட்டு ஜன்னல் தூண்களில் தீயைக் காட்டினேன். ஈயம் பளபளவென்று உருகி இறங்கியது. அதைக் கிரைண்டரால் தொடவே கூடாது, தூசி நெஞ்சுக்குள் போய்விடும். முகமூடி போட்டு, கீழே தட்டு வைத்துத்தான் இறக்கவேண்டும். ஈயத்துக்கு அடியில் பித்தளைப் பற்றவைப்பு. கேஸ் வெல்டிங்கில், பொறுமையாக, அங்குலம் அங்குலமாக வைத்திருக்கிறான்.

இந்த வேலை கேட்க எளிது. எல்லாத் தூணையும் அறுத்து, மூன்று அங்குலத்தைத் தூக்கி எறிந்துவிட்டுக் கூரையை இறக்கி வைக்கவேண்டியதுதான். ஆனால் தூண்கள் மேலே போகப்போக உள்நோக்கிச் சாய்ந்தவை. நடுத்துண்டை எடுத்ததும் மேலதும் கீழதும் நேருக்கு நேர் வராது. சிறு வெட்டுகள் போட்டுச் சாய்த்துச் சாய்த்துச் சேர்க்கவேண்டும். இவனும் அப்படித்தான் சேர்த்திருக்கிறான். பற்றவைப்பின் ஓரத்தில் அரத்தின் பல்வரிகள் எல்லாம் ஒரே திசையில் ஓடுகின்றன. ஓரிடத்தில் மட்டும் குறுக்கே திரும்புகின்றன, அங்கே கை வலித்து நிலை மாறி நின்றிருப்பான். அளந்து பார்த்தால் இடது முன்தூண் வலதைவிடக் கால் அங்குலம் குட்டை.

ஜூன் 23, ஞாயிறு

கால் அங்குலத்தைச் சரி செய்யலாமா? இன்றைய மிக் வெல்டிங்கில் ஒரு நாள் வேலை. சரி, அதைச் செய்வதானால் மூன்று அங்குலத்தையும் திரும்ப வைத்துவிடலாமே! தூணுக்கு ஒட்டுத் துண்டு போடலாம், அல்லது புது உடற்கூடே வாங்கலாம். 1932 உடலை இன்றைக்கும் புத்தம்புது இரும்பில் அச்சடித்து விற்கிறார்கள். ஹென்றி அனுப்பிய மாதிரியே மீட்கிறவர்கள் ஒரு கட்சி. திருகாணியின் தலை முதற்கொண்டு சரிபார்ப்பார்கள். அவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்த வண்டியில் ஹென்றியின் வேலை லட்சக்கணக்கில் அடித்த அச்சு. இதில் ஒரே ஒரு தடவை நடந்தது அந்தப் பையனின் வேலைதான். அதை அழித்துவிட்டு நான் மீட்கப்போவது எதை?

கோணல் அப்படியே இருக்கட்டும். கண்ணாடிக்கும் தொல்லையில்லை. அந்தக் காலக் கார்க் கண்ணாடி தட்டையானது. அட்டையில் அளவு வெட்டிக் கொடுத்தால் கண்ணாடிக் கடைக்காரர் இடமும் வலமும் தனித்தனியாக அறுத்துத் தருவார்.

ஜூன் 29, சனி

பெரியவர் வந்தபோது இதைச் சொன்னேன். காபியைக் கீழே வைத்துவிட்டு, “அப்படியானால் என் ஓட்டை?” என்றார்.

அவர் ஓட்டை டாஷ்போர்டுக்கு முன்னால் இருக்கும் தகட்டுச் சுவரில் இருக்கிறது. 1955இல் செவர்லே தன் புது வி-8ஐ இறக்கியது. 265 கன அங்குலம், வால்வெல்லாம் ஹெட்டில், தொடக்கத்திலேயே 162 குதிரை. ஃபோர்டின் பழைய இன்ஜின் ஒரே நாளில் கிழடாகிவிட்டது. ஆனால் செவர்லேயின் டிஸ்ட்ரிபியூட்டர் பின்னால் உட்காரும். 1932 வண்டியில் வைத்தால் நேராகச் சுவரில் இடிக்கும். ஆகவே சுவரை வெட்டியாக வேண்டும். இவரும் வெட்டினார். விளிம்பைக்கூட மடிக்கவில்லை.

அதை நான் மூடப்போகிறேன், ஏனென்றால் ஃபோர்டு இன்ஜின் திரும்ப வருகிறது. “அவன் வெட்டினால் கலை, நான் வெட்டினால் குற்றமா?” என்று பிடித்துக்கொண்டார். நியாயமான கேள்வி. அவன் பார்வைக்காக வெட்டினான், நீங்கள் இடம் போதாமல் வெட்டினீர்கள் என்றேன். “நாங்கள் ஓட்டுவதற்காக வெட்டினோம். வெட்டாதவன் பஸ்ஸில் போனான்” என்றார். கடைசியில் ஒப்பந்தம் இப்படி: ஓட்டைக்குத் தகடு வைத்து வெல்டிங் வைப்பேன், இன்ஜின் பக்கம் தேய்த்து மழுப்புவேன், உட்கார்பவர் கால் பக்கம் வெல்டிங் வரி அப்படியே தெரியும். அந்தத் தகட்டை அவரே வெட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

செப்டம்பர் 29, ஞாயிறு

எல் மிராஜ் போய்வந்தோம். மொஹாவி பாலைவனத்தில் காய்ந்த ஏரி, பலகை போல் தட்டை. 1937இல் தெற்குக் கலிபோர்னியா டைமிங் சங்கம் தொடங்கிய காலத்தில் கார்களை விரட்டி வேகம் பார்க்கும் பெரிய களம் மூராக் ஏரி. ராணுவம் அதை எடுத்துக்கொண்டது, இன்றைக்கு அது எட்வர்ட்ஸ் விமானத்தளம். போருக்குப் பின் கூட்டம் எல் மிராஜுக்கு வந்தது, 1949 முதல் யூட்டாவின் பானவில் உப்புவெளிக்கும் போனது. போரில் வெல்டிங்கும் இன்ஜினும் பழகித் திரும்பிய பையன்கள் இங்கேதான் புழுதி கிளப்பினார்கள். கூரையை ஏன் இறக்கினான் என்பது நின்று பார்த்தால் புரிகிறது. காற்றுக்கு முகம் குறையவேண்டும். அழகு அதற்கப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது. ஆகவே பெரியவரிடம் நான் சொன்ன வாதம் பாதி தோற்றது. அவரிடம் இதைச் சொல்வதாக இல்லை.

மார்ச் 8, சனி

குளிர்காலம் முழுக்கப் பிரேக்கிலும் இன்ஜின் பூட்டுவதிலும் போயிற்று. ஃபோர்டு 1938 வரை கம்பி இழுக்கும் பிரேக்கை விடவில்லை. 1939இல்தான் ஆயில் பிரேக் வந்தது. ஹாட் ராட்காரர்கள் முதலில் மாற்றியதே அதைத்தான். நானும் மாற்றிவிட்டேன், இதில் பழமைப் பற்று எதுவும் எனக்கில்லை.

வால்வு இடைவெளி வைப்பதுதான் உயிரை வாங்கியது. மூல டேப்பெட்டில் திருகு கிடையாது. வால்வின் அடிக்காம்பைத் தேய்த்துத் தேய்த்து, ஃபீலர் கேஜ் நுழைத்துப் பார்க்கவேண்டும். கூடத் தேய்த்தால் வால்வு குப்பைக்கு. பதினாறு வால்வு. பெரியவர் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, விரலால் தொட்டே சொல்கிறார், இன்னும் ஒரு தேய் என்று. கேஜ் அவர் பக்கமே பேசியது.

ஏப்ரல் 19, சனி

இன்று செல்ஃப் எடுத்தோம். ஆறு வோல்ட், அதுவும் பாசிட்டிவ் எர்த். கடையில் கிடைக்கும் பன்னிரண்டு வோல்ட் ஒயர் ஒல்லி, பாதிக் கரண்டை அதுவே தின்றுவிடும். தடித்த கேபிள் போட்டிருந்தேன். 1-5-4-8-6-3-7-2 என்ற வரிசையைப் பெரியவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பிளக் ஒயர்களை மாட்டினார். இரட்டை ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டரில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, ஸ்டார்ட்டரை மிதித்தேன். சோம்பலாகச் சுற்றியது. ஒருமுறை தும்மியது. அடுத்த தடவை பிடித்துக்கொண்டது. மூன்று வாசல் புகைக்கே உரிய அந்தத் தடதடப்பைக் கேட்டு எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன், மொபைலில் படமெடுத்தார்.

தெருவை இரண்டு சுற்று. மூன்றாவது சிக்னலில் முள் ஏறத் தொடங்கியது. மணல் இல்லாத பிளாக்கே இப்படி! ஓடினால் இறங்குகிறது, நின்றால் ஏறுகிறது. அதனால் குற்றம் பிளாக்கில் இல்லை, நிற்கும்போது காற்று போதவில்லை.

இப்போது சண்டை நிறத்துக்கு. மனைவிக்கு மஞ்சள் வேண்டுமாம். 1973இல் வந்த ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ படத்தில் இதே ஐந்து ஜன்னல் வண்டி மஞ்சளில் ஓடியது, பார்க்கிறவன் எல்லாம் அந்த நகலா என்பான் என்றேன். பெரியவருக்குக் கறுப்பு. கறுப்பு அடித்தால் இடது தூணின் கோணல் தெருமுனையிலிருந்தே தெரியும் என்றேன். தெரியட்டும் என்கிறார். இப்போதைக்குச் சாம்பல் பிரைமரே ஓடட்டும். வரும் சனிக்கிழமை ரேடியேட்டர் விசிறிக்குத் தகட்டில் கூண்டு அடிக்கவேண்டும்.