டைப்ரைட்டர் கம்பெனியும் சிக்னல் கம்பெனியும் சேர்ந்து செய்த துப்பாக்கி

சிங்கர் என்றால் நமக்குத் தையல் மெஷின். ரெமிங்டன் என்றால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் தடதடச் சத்தம். அமெரிக்காவில் பழைய கைத்துப்பாக்கி சேகரிப்பவர்களிடம் இந்த இரண்டு பெயர்களையும் சொன்னால் அவர்கள் கண்ணில் தெரியும் பிரகாசமே வேறு. கோல்ட் எம்1911ஏ1 என்கிற .45 ராணுவக் கைத்துப்பாக்கியை, ஜான் பிரௌனிங் வடிவமைத்த அதே வரைபடத்தைப் பார்த்து, இந்தக் கம்பெனிகளும் செய்திருக்கின்றன. சிங்கர் செய்தவை 500தான். சோதனை ஒப்பந்தத்தின் பேரில் செய்து 1941-ல் ஒப்படைத்தார்கள். இன்று நல்ல நிலையில் ஒன்று ஏலத்துக்கு வந்தால் ஒரு லட்சம் டாலரைத் தாண்டிப் போகிறது. ரெமிங்டன் ராண்ட் எட்டு லட்சத்துக்கும் மேல் செய்து குவித்தது. ரயில்வே சிக்னல் கருவிகள் செய்துகொண்டிருந்த யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல் கம்பெனி 55,000 செய்தது.

கலிபோர்னியாவின் சான்டா கிளாராவில் என் நண்பர் ஒருவர் வாங்கிய பழைய துப்பாக்கியில் இந்தக் கடைசி இரண்டு கம்பெனிகளும் ஒன்றாகக் குடியிருந்தன.

நண்பர் காரைக்குடிக்காரர், சிப் டிசைன் வேலை, இப்போது அமெரிக்கக் குடிமகன். ஓய்வுபெற்று அரிசோனாவுக்குக் குடிபெயர்ந்த அலுவலக நண்பர் ஒருவரிடமிருந்து வாங்கினார். கலிபோர்னியாவில் தனிநபர்கள் இருவர் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ள முடியாது. உரிமம் பெற்ற கடை வழியாகத்தான் நடக்க வேண்டும்; பின்னணி விசாரணை உண்டு, பத்து நாள் காத்திருப்பு உண்டு, பாதுகாப்புத் தேர்வு எழுதிய சான்றிதழ் வேண்டும். எல்லாம் முறையாக முடித்துப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. "அண்ணா, மேல ஒரு கம்பெனி பேரு இருக்கு, நம்பரு வேற கம்பெனின்னு காட்டுது. ஏமாந்துட்டேனா?" என்று கேட்டார். என்னைக் கேட்டதற்கு ஒரே காரணம், என் அப்பா திருச்சி நவல்பட்டு துப்பாக்கித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தார் என்பது. அப்பாவின் தொழில் பிள்ளையின் ரத்தத்தில் இருக்கும் என்று நம் ஊர்க்காரர்கள் இன்னமும் நம்புகிறார்கள்.

எனக்குத் துப்பாக்கி தெரியாது. ஃபைலும் மைக்ரோமீட்டரும் வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும் பிடிக்கும். அதனால், துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித் ஒருவரிடம் அதைக் காட்ட அவர் போனபோது கூடப் போனேன்.

சான் ஹோசே விமான நிலையத்துக்குப் பக்கத்தில், டி லா க்ரூஸ் பகுதியில், சான்டா கிளாராவின் பழைய முகம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. கண்ணாடி மாளிகைகள் கிடையாது. தகரக் கதவு போட்ட பட்டறைகள், லேத், மில்லிங் மெஷின், குளிரூட்டும் எண்ணெயின் வாடை. தலைக்கு மேலே விமானம் தாழப் பறக்கும்போது பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறார்கள். சிப் செய்யும் இயந்திரங்களுக்கு வேண்டிய அலுமினியப் பாகங்களைக் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறைகள் இவை. அதில் ஒன்றின் பின்பாதியில்தான் நாங்கள் தேடிப்போன கன்ஸ்மித் இருந்தார். எழுபதைத் தாண்டியவர். இளம் வயதில் எஃப்எம்சியில் மெஷினிஸ்ட். சான்டா கிளாரா பள்ளத்தாக்கு முழுக்க ஆப்ரிகாட் தோப்பாக இருந்த காலத்தில் பழத்தை டின்னில் அடைக்கும் இயந்திரமும் மருந்து தெளிப்பானும் செய்துகொண்டிருந்த நிறுவனம் அது. போர் வந்ததும் நீரிலும் நிலத்திலும் ஓடும் ராணுவ வண்டிகளுக்கு மாறியது, பிறகு எம்113 கவச வண்டிக்கு. கோல்மன் அவென்யூவில் அந்தத் தொழிற்சாலை நின்ற இடத்தில் இப்போது கால்பந்து மைதானம் இருக்கிறது. தையல் மெஷின் கம்பெனி துப்பாக்கி செய்ததை நான் அதிசயமாகச் சொன்னபோது அவர் தோளைக் குலுக்கினார். வரைபடமும் அளவுமானியும் கொடுத்தால் யாரும் எதையும் செய்வார்கள் என்றார்.

நண்பர் பூட்டிய பெட்டியைக் கார் டிக்கியிலிருந்து எடுத்து வந்தார். குண்டில்லாமல், பூட்டிய பெட்டியில்தான் கொண்டுபோக வேண்டும் என்பது சட்டம். பெரியவர் கையில் வாங்கியதும் மேகசினைக் கழற்றினார், மேல்பாகமான ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்தார், குழல் அறைக்குள் பார்த்தார், பிறகு சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவினார். நண்பர் வீட்டிலேயே சரிபார்த்துவிட்டதாகச் சொன்னார். பெரியவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. எங்கள் இருவரையும் ஒவ்வொருவராக உள்ளே பார்க்கச் சொன்னார். அதன் பிறகுதான் விளக்கைப் போட்டார்.

முதலில் அவர் பார்த்தது, கைப்பிடியோடு சேர்ந்த சட்டமான பிரேமின் வலப்பக்கத்தில் இருந்த எண்ணை. அமெரிக்கச் சட்டத்துக்குத் துப்பாக்கி என்றால் அந்தப் பிரேம்தான், மற்றதெல்லாம் உதிரிப்பாகம். எண்ணைச் சுற்றி உலோகம் தேய்க்கப்பட்டிருக்கிறதா, எழுத்துகள் ஒரே ஆழத்தில் இறங்கியிருக்கின்றனவா, பள்ளத்தின் ஓரத்தில் பூச்சு புதிதாகத் தெரிகிறதா என்று லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார். எண்ணை அழித்ததோ மாற்றியதோ இருந்தால் தொட்டு வேலை செய்ய மாட்டேன், போலீஸைத்தான் கூப்பிடுவேன் என்றார். அழித்துவிட்டால் போய்விடும் என்று திருடர்கள் நினைக்கிறார்களாம். எண்ணை அடித்து இறக்கும்போது அடியில் இருக்கும் உலோகமும் நசுங்கிப்போகும். மேலே ராவி எடுத்தாலும் அந்த நசுங்கல் இருக்கும். அமிலம் தடவினால் எண் மங்கலாக எழுந்து வரும். சான்டா கிளாரா மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் கீழ் இயங்கும் குற்றவியல் ஆய்வகம் போன்ற இடங்களில் இது அன்றாட வேலை.

நண்பரின் எண் சுத்தமாக இருந்தது. 1041405 முதல் 1096404 வரையுள்ள வரிசையில் அது விழுந்தது. அந்த 55,000 எண்களும் 1943-ல் சிக்னல் கம்பெனிக்கு ஒதுக்கப்பட்டவை. பிரேமின் இடப்பக்கம் ஆர்.சி.டி. என்று மூன்று எழுத்துகள், அந்தத் தொழிற்சாலைக்குப் பொறுப்பாக இருந்த ராணுவப் பரிசோதனை அதிகாரியின் முதலெழுத்துகள். ரெமிங்டன் ராண்டாக இருந்தால் எஃப்.ஜே.ஏ. என்றும், போர்க்காலக் கோல்டாக இருந்தால் ஜி.எச்.டி. என்றும் இருக்கும். எண்ணும் எழுத்தும் பொருந்தின. ஸ்லைடில் மட்டும் ரெமிங்டன் ராண்ட், சிரக்யூஸ், நியூயார்க் என்று பொறித்திருந்தது.

நண்பரின் முகம் விழுந்தது. பெரியவர் சிரித்தார்.

அவர் கைகாட்டியது பிரேமில் இருந்த இன்னொரு சிறு முத்திரையை: ஏ.ஏ. ஜார்ஜியாவில் இருந்த அகஸ்டா ஆயுதக் கிடங்கின் முத்திரை. விஷயம் இதில்தான் இருக்கிறது. 1945-க்குப் பிறகு அமெரிக்க ராணுவம் இந்தத் துப்பாக்கியைப் புதிதாக வாங்கவில்லை. 1985-ல் பெரெட்டா வரும்வரை, கொரியாவுக்கும் வியட்நாமுக்கும், இருந்ததையே பழுதுபார்த்துப் பழுதுபார்த்துக் கொடுத்தது. கிடங்குக்கு வந்த துப்பாக்கிகளை முழுக்கப் பிரித்து, பிரேமை ஒரு பெட்டியிலும் ஸ்லைடை ஒரு பெட்டியிலும் போட்டு, தேய்ந்ததை ஒதுக்கி, மிச்சத்துக்கு மீண்டும் பாஸ்பேட் பூச்சு கொடுத்து, கைக்கு வந்த பிரேமில் கைக்கு வந்த ஸ்லைடை ஏற்றினார்கள். எந்தக் கம்பெனிப் பாகமும் எந்தக் கம்பெனிப் பாகத்தோடும் சேர வேண்டும் என்பதுதான் வரைபடத்தின் நோக்கமே. ஆகவே இந்தத் துப்பாக்கிகளில் பாகங்கள் கலந்திருப்பது வழக்கம். கலக்காமல் இருப்பதுதான் அபூர்வம்.

இந்தக் கலப்பு ராணுவம் செய்ததுதான் என்று எப்படிச் சொல்வது? அவர் பிரேமையும் ஸ்லைடையும் அடுத்தடுத்து வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். இரண்டிலும் ஒரே பச்சை கலந்த சாம்பல் நிறம், ஒரே சொரசொரப்பு, ஒரே மாதிரித் தேய்மானம். ஒரே பூச்சுத் தொட்டியில் குளித்தவை என்றார். குழலில் எச்.எஸ். என்ற எழுத்து, ஹை ஸ்டாண்டர்ட் கம்பெனி போர்க்காலத்தில் செய்து கொடுத்தது. கைப்பிடித் தகடு கீஸ் ஃபைபர் கம்பெனியின் பழுப்பு பிளாஸ்டிக். எல்லாம் காலத்துக்குப் பொருந்துகிறது.

பொருந்தாதவை மூன்று. குழல் முனையில் இருக்கும் பளபளவென்ற ஸ்டெயின்லெஸ் புஷ். கட்டைவிரலுக்கு வசதியாக நீட்டிவிட்ட பாதுகாப்பு நெம்புகோல். இலகுவாக்கிய விசை. மூன்றும் குறி தவறாமல் சுட ஆசைப்பட்ட எவரோ பிற்காலத்தில் செய்த வேலை. அதில் தப்பொன்றும் இல்லை. ராணுவமே தன் போட்டியாளர்களுக்காக ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதச்சாலையில் இந்தத் துப்பாக்கிகளை இறுக்கிச் சீர்செய்து கொடுத்திருக்கிறது. கேள்வி, செய்தவருக்குக் கைவந்ததா என்பதுதான்.

அதைச் சோதித்த விதத்தைத்தான் நான் மறக்க மாட்டேன். காலித் துப்பாக்கியின் சுத்தியை ஏற்றினார். பாதுகாப்பு நெம்புகோலைப் போட்டார். விசையை அழுத்தினார். சுத்தி விழவில்லை. நண்பர் மூச்சுவிட்டார். பெரியவர் விசையை விட்டார், நெம்புகோலை இறக்கினார், துப்பாக்கியைக் காதோரம் கொண்டுபோய்ச் சுத்தியைக் கட்டைவிரலால் மயிரிழை பின்னுக்கு இழுத்தார். அதே நேரம் ஒரு விமானம். கையை அசைத்து எங்களை நிறுத்திவைத்து, அது போனதும் மீண்டும் முதலிலிருந்து செய்தார். இந்த முறை என் காதருகே பிடித்தார். 'டிக்' என்று மிக மெலிதாக ஒரு சத்தம்.

சத்தம் வரக் கூடாது. சுத்தியைத் தாங்கி நிற்கும் சியர் என்ற சின்ன இரும்புத் துண்டு, பாதுகாப்பு போட்டிருக்கும்போது துளிகூட அசையக் கூடாது. அசைந்திருந்தால், சுத்தியைத் தொட்டதும் அது பழைய இடத்துக்குத் திரும்பும். அந்தத் திரும்பல்தான் அந்த 'டிக்'. இந்த நெம்புகோல் பொட்டலத்திலிருந்து எடுத்து அப்படியே மாட்டக்கூடிய பாகம் அல்ல. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனியாக ஃபைலால் ராவிப் பொருத்த வேண்டும். இரண்டு இழுப்பு கூடிப்போனால் பாகம் வீண். இங்கே கூடிப்போயிருக்கிறது. பிரித்துப் பார்த்தபோது சியரின் முனையையும் யாரோ எண்ணெய்க்கல்லில் தேய்த்து வட்டமாக்கியிருந்தார்கள். விசை இலகுவாக இருந்த ரகசியம் அது. விற்றவருக்கே இது தெரிந்திருக்காது என்பது பெரியவரின் கணிப்பு; அவருக்கு முன்னால் எத்தனை கைகளோ.

நண்பருக்குக் கவலை வேறு. சிக்னல் கம்பெனியின் ஸ்லைடு ஒன்றைத் தேடிப்பிடித்து மாட்டினால் 'ஒரிஜினல்' ஆகிவிடுமே, விலை பலமடங்கு ஏறுமே என்றார். ஏறும். ஸ்லைடு வெறும் உதிரிப்பாகம் என்பதால் தபாலிலேயே வாங்கலாம், கேட்பாரில்லை. சந்தையில் இதைத்தான் நிறையப் பேர் செய்கிறார்கள். பெரியவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார். கிடங்கில் மாற்றியவன் துப்பாக்கி சுட வேண்டும் என்பதற்காக மாற்றினான். வீட்டில் மாற்றியவன் நன்றாகச் சுட வேண்டும் என்று மாற்றினான், கெடுத்தான், பரவாயில்லை. இப்போது நீ மாற்றப்போவது அடுத்தவன் நம்ப வேண்டும் என்பதற்காக. மூன்று கைகளில் அவர் வேலை எடுக்க மறுப்பது இந்தக் கையிடம் மட்டும்தான்.

எனக்கும் அவர் கட்சிதான் சரியென்று படுகிறது. ராணுவத்திடம் மிச்சமிருந்த இந்தக் கைத்துப்பாக்கிகளை 2018 முதல் பொதுமக்களுக்கு விற்கும் சிஎம்பி என்ற அமைப்பு, கலப்புப் பாகங்கள் இருப்பதை மறைக்காமல் சொல்லித்தான் விற்கிறது. பிற்காலப் பாகங்கள் ஏறியவற்றுக்கு 'ரேஞ்ச்' என்று தனித் தரமே வைத்திருக்கிறது. அப்படியும் வாங்க வரிசை நிற்கிறது. உள்ளதைச் சொல்லி விற்றால் விலை போகாது என்பது தரகர்கள் கட்டிவிட்ட கதை.

இதையெல்லாம் ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்றாலும் ஒரு நெருடல் இல்லாமல் இல்லை. இதே மாவட்டத்தில் 2019 ஜூலையில் கில்ராய் பூண்டுத் திருவிழாவில் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2021 மே மாதம் சான் ஹோசே போக்குவரத்துப் பணிமனையில் ஒன்பது பேர். அப்பாவின் தொழிற்சாலையிலும் கைத்திறனைப் பற்றித்தான் பேசுவார்கள். செய்த பொருள் எங்கே போகிறது என்று பேசி நான் கேட்டதில்லை. பெரியவரிடம் இதைக் கேட்டேன். பதில் சொல்லவில்லை, ஆனால் சுவரில் தொங்கிய ஒரு டப்பாவைக் காட்டினார். இது வேண்டாம் என்று அவர் பிடிவாதமாகக் கழற்றி வைத்த சியர்களும் விசைகளும் அதில் கிடந்தன. எதையும் உரியவரிடம் திருப்பித் தருவதில்லை, திரும்ப மாட்டிவிடுவார்கள்.

நண்பர் கடைசியில் ரெமிங்டன் ஸ்லைடை அப்படியே விட்டுவிட்டு, ராணுவ அளவிலான புதிய சியரும் நெம்புகோலும் பொருத்தச் சொன்னார். என்னென்ன பாகம், யார் மாற்றியது என்று நினைக்கப்படுகிறது என்பதைப் பெரியவர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அந்தத் தாள் துப்பாக்கியோடு போக வேண்டும், அடுத்து யார் கைக்குப் போனாலும்.

இங்கே நம்மவர்கள் பலர் இப்போது பழைய துப்பாக்கி வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். வாங்கியதைச் சுடும் இடத்துக்குக் கொண்டுபோகும் முன் உரிமம் பெற்ற ஒரு கன்ஸ்மித்திடம் காட்டுங்கள்; விலையைக் கேட்கும் முன் சியரைப் பார்க்கச் சொல்லுங்கள். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்: வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதே அவர்களுக்குக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம்.