டிக்கெட்டுக்கு உள்ளே, டிக்கெட்டுக்கு வெளியே

கல்யாண மண்டபம் பேசி முடித்த அனுபவம் உள்ளவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பாதி முன்கூட்டியே தெரிந்திருக்கும். மண்டப வாடகை இவ்வளவு என்று ஒரு தொகையைச் சொல்வார்கள். ‘அட, பரவாயில்லையே!’ என்று முன்பணம் கொடுத்துவிட்டு வருவோம். பிறகு மின்சாரம் தனி, ஜெனரேட்டர் தனி, பாத்திர வாடகை தனி, துப்புரவு தனி என்று ஒவ்வொன்றாகத் தலை நீட்டும்.

உல்லாசக் கப்பல் பிரயாணமும் கிட்டத்தட்ட இப்படித்தான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மண்டபத்தில் அந்தத் ‘தனி’ இல்லாமல் கல்யாணம் நடக்காது. கப்பலிலோ, முக்கால்வாசித் ‘தனி’ இல்லாமலே பிரயாணம் ஜோராக நடக்கும். எது வேண்டும், எது வேண்டாம் என்று கரையில் இருக்கும்போதே தீர்மானித்துக் கொண்டால் போதும்.

சிங்கப்பூர் வரையில் விமானம், அங்கிருந்து கப்பல் என்பது நம் ஊர்க் குடும்பங்கள் பல போகிற வழி. 2012-ல் திறந்த மரீனா பே கப்பல் நிலையத்தில் ஏறினால், பினாங்கு, புக்கெட் என்று இரண்டு ஊர்களைக் காட்டிவிட்டு, நாலு இரவு கழித்துப் புறப்பட்ட இடத்திலேயே கொண்டுவந்து விடுகிற கப்பல்கள் உண்டு.

நம்மவர்களுக்கு இந்தக் கடல் புதிதல்ல. 1926-ல் கட்டிய ‘ரஜூலா’ கப்பல் 1970-களின் தொடக்கம் வரையில் சென்னை, நாகப்பட்டினம் ஆகிய இடங்களிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிக்கொண்டிருந்தது. அதில் போனவர்களில் பெரும்பாலோர் மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்கள். அவர்கள் பிழைப்பைத் தேடிப் போனார்கள். நாம் பொழுதைத் தேடிப் போகிறோம். பொழுதுக்கு விலை வைப்பதில் இன்றையக் கப்பல் கம்பெனிகள் மகா கெட்டிக்காரர்கள்!

விளம்பரத் தொகை

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் ஒரு தொகை இருக்கும். அது அறைக்கு அல்ல, ஆளுக்கு. அதுவும் ஓர் அறையில் இருவர் தங்கினால். ஒருவர் மட்டும் தனியாகப் போனால் ஏறக்குறைய இரண்டு பேருக்கான பணம் கட்ட வேண்டி வரும். அதே அறையில் குழந்தைகள் மூன்றாவது, நாலாவது ஆளாகத் தங்கினால் அவர்களுக்குக் கட்டணம் குறையும். இதன் மேல் துறைமுகக் கட்டணம், வரி இரண்டும் ஏறும். மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சிங்கப்பூரை விட்டுக் கப்பலில் போய்த் திரும்பி வருவது, இரண்டாம் முறை அந்த நாட்டில் நுழைவதாகக் கணக்கு. ஆகையால் பல முறை நுழைய அனுமதிக்கும் விசாவாகப் பார்த்து வாங்க வேண்டும்.

அறைகளில் மலிவானது ஜன்னல் இல்லாத உள் அறை. விளக்கை அணைத்தால் விடிந்ததா, விடியவில்லையா என்றே தெரியாது. ஜன்னல் அறை, பால்கனி அறை என்று போகப் போக விலையும் ஏறும். ஆனால் ஒன்று: உள் அறைக்காரருக்கும் பால்கனிக்காரருக்கும் சாப்பாட்டுக் கூடம் ஒன்றுதான், மேல்தளத்துக் காற்றும் ஒன்றுதான். மிக உயர்ந்த அறைக்காரர்களுக்கு மட்டும் சில கப்பல்களில் தனிக் கூடம் உண்டு. அறையில் தூங்க மட்டும் போகிறவர்கள் பால்கனிக்காகப் பணத்தைக் கொட்டுவானேன்?

தாராளமாக அனுபவிக்கலாம்

டிக்கெட்டுக்குள் அடங்கியவை கொஞ்சமல்ல. அறை, அதைத் தினமும் துடைத்துப் படுக்கை விரித்துத் தரும் சேவை, பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் மூன்று வேளை உணவு, நாமே எடுத்துப் போட்டுக்கொள்ளும் பஃபே, குழாய்த் தண்ணீர், டீ, சாதாரணக் காபி, நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், இரவில் ஆட்டம் பாட்டு நாடகம், பகலில் குழந்தைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் விளையாட்டுக் கூடம் — எல்லாம் இதில் சேர்த்தி.

‘சைவச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?’ என்று கவலைப்படும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. டிக்கெட் வாங்கும்போதே சைவம், ஜைன உணவு, இன்னது ஒத்துக்கொள்ளாது என்று எழுதிக் கொடுத்துவிட்டால், பெரிய கப்பல்களில் தனிக் கட்டணம் இல்லாமல் செய்து தருகிறார்கள். அதற்காகக் கெட்டில், மின்சார குக்கர், இஸ்திரிப் பெட்டி எதையும் பெட்டிக்குள் திணிக்க வேண்டாம். தீப்பிடிக்கும் அபாயத்துக்குப் பயந்து வாங்கி வைத்துக்கொண்டு, இறங்கும்போதுதான் தருவார்கள். கடையில் வாங்கிப் பிரிக்காத முறுக்குப் பாக்கெட்டை யாரும் சாதாரணமாகத் தடுப்பதில்லை.

மாய அட்டை

கப்பலில் ரொக்கம் செல்லாது. ஏறும்போது ஓர் அட்டை கொடுப்பார்கள். அறைக் கதவைத் திறப்பதும் அதுதான். கணக்கில் கடனை ஏற்றுவதும் அதுதான். கையிலிருந்து நோட்டு எதுவும் போகாததால் செலவழிக்கிறோம் என்ற எண்ணமே வராது. அதைக் கண்டுபிடித்தவருக்கு நம் மனசு நன்றாகத் தெரிந்திருக்கிறது!

கோக், புதிதாகப் பிழிந்த பழரசம், நுரை ததும்பும் விசேஷக் காபி, பாட்டில் தண்ணீர், மது வகைகள் — இவற்றுக்கெல்லாம் பெரும்பாலான கப்பல்களில் தனிக் காசு. மதுவின் விலையோடு 15 முதல் 20 சதவிகிதம் வரை சேவைக் கட்டணமும் ஒட்டிக்கொள்ளும். ‘ஒரே தொகை கட்டினால் தினமும் வேண்டிய மட்டும் குடிக்கலாம்’ என்றும் ஒரு திட்டம் உண்டு. ஓர் அறையில் ஒரு பெரியவர் அதை வாங்கினால், கூட இருக்கும் பெரியவரும் வாங்கியாக வேண்டும் என்பது பல கம்பெனிகளின் விதி. கணவரின் தாகத்துக்கு மனைவிக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிற விசித்திரத்தை வேறு எங்கே பார்க்க முடியும்?

பெரிய கூடத்தை விட்டு ஜப்பானிய விடுதி, இத்தாலிய விடுதி என்று தனி ஓட்டல்களில் சாப்பிட்டால் தனிப் பணம். சலவை, அழகு நிலையம், எண்ணெய் மஸாஜ், இன்டர்நெட் ஆகியவையும் அப்படியே. போட்டோக்காரர் மூலைக்கு மூலை நின்று சிரிக்கச் சொல்வார். சிரிக்கக் காசில்லை, படத்தை வாங்கத்தான் காசு. பிள்ளைகளின் அட்டையைத் தேய்த்தாலே வீடியோ விளையாட்டு ஓடும். முதல் நாளே விசாரணை மேஜைக்குப் போய், பிள்ளைகளின் அட்டையில் செலவு ஏறாதபடி நிறுத்திவைக்கச் சொல்லிவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. நடுக்கடலில் உங்கள் செல்போன் கப்பலின் சாட்டிலைட் இணைப்பைத் தானாகவே பிடித்துக்கொள்ளக்கூடும். அதற்கு வரும் பில், ஊரில் வருஷம் பூராவும் பேசிய பில்லை விழுங்கிவிடும். கப்பல் நகர்ந்ததும் போனை விமான நிலைக்கு மாற்றி விடுங்கள்.

கரையில் இறங்கினால்

ஊர் சுற்றிக் காட்டக் கப்பல்காரர்களே பஸ்ஸும் வழிகாட்டியும் ஏற்பாடு செய்கிறார்கள். அதற்குத் தனிக் கட்டணம். பினாங்கில் இது அவ்வளவு அவசியமில்லை. கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து வெளியே வந்தால் கார்ன்வாலிஸ் கோட்டை பக்கத்திலேயே இருக்கிறது. இன்னும் சிறிது நடந்தால் ‘லிட்டில் இந்தியா’. பூக்கடை, புடவைக்கடை, இட்லி, வாழை இலைச் சாப்பாடு, 1833-ல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் எல்லாம் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பழைய நகரத்தைச் செருப்புத் தேயாமலே பார்த்துவிடலாம்.

புக்கெட் அப்படியல்ல. பல கப்பல்கள் படோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரமிட்டு, சிறு படகுகளில் நம்மைக் கரை சேர்க்கின்றன. படகு டிக்கெட்டில் சேர்ந்தது. கரையில் டாக்ஸி வைத்தால், ஏறுமுன் பேரத்தை முடித்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியமானது கடிகாரம். தாய்லாந்தின் நேரம் சிங்கப்பூர் நேரத்துக்கு ஒரு மணி பின்தங்கியது. கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இருந்து, உங்கள் போன் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிட்டால், போனில் நாலு மணி காட்டும்போது கப்பலில் ஐந்து! கப்பல்காரர்கள் ஏற்பாடு செய்த பஸ் தாமதமானால் அவர்கள் பொறுப்பு. நீங்களாகப் போய்த் தாமதித்தால் கப்பல் காத்திராது. அப்புறம் விமானச் செலவு, ஓட்டல் செலவு எல்லாம் உங்கள் தலையில்தான். இறங்கும்போது கப்பலின் நேரத்தைக் கேட்டு, கைக்கடிகாரத்தில் அதையே வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

இங்கே மட்டும் சிக்கனம் வேண்டாம்

இரண்டு செலவில் கை இழுத்துப் பிடிக்கக் கூடாது. ஒன்று இன்ஷூரன்ஸ். கப்பலில் டாக்டர் உண்டு. ஆனால் வைத்தியம் இலவசமில்லை. சாதாரண ஜுரத்துக்கே பில் கனமாக வரும். ஊரில் எடுத்த மருத்துவ இன்ஷூரன்ஸ் அங்கே உதவுவது அபூர்வம். கப்பல் பிரயாணமும் அடங்கும் பிரயாண இன்ஷூரன்ஸாகக் கேட்டு எடுங்கள். வீட்டுப் பெரியவர்களை அழைத்துப் போனால் இது மிகவும் அவசியம்.

மற்றொன்று சிப்பந்திகளுக்கான இனாம். பெரிய கம்பெனிகள் பலவற்றில் ஆளுக்கு, நாளுக்குச் சுமார் 16 முதல் 20 அமெரிக்க டாலர் வரையில் இதற்காகத் தானாகவே கணக்கில் ஏறும். குழந்தைகளுக்கும் உண்டு. நாலு பேர், நாலு நாள் என்றால் 18 டாலர் வீதம் 288 டாலர். ரூபாயில் இருபதாயிரத்தைத் தாண்டிவிடும். ‘இதை எடுத்துவிடுங்கள்’ என்று மேஜையில் சொன்னால் சில கம்பெனிகளில் எடுத்தும் விடுவார்கள். அந்த யோசனையைச் சொல்லிக்கொடுக்கும் கெட்டிக்காரர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

தயவு செய்து அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். உங்கள் படுக்கையை விரித்தவர் பிலிப்பைன்ஸ்காரராகவோ, இந்தோனேசியராகவோ, நம் நாட்டவராகவோ இருப்பார். ஆறு முதல் ஒன்பது மாதம் வரை வார விடுமுறை என்ற பேச்சே இல்லாமல் வேலை செய்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். அவருடைய குழந்தை அங்கே பள்ளிக்கூடம் போவதில் உங்கள் டாலருக்கும் பங்கு உண்டு. இதை டிக்கெட் விலையின் ஒரு பகுதியாகவே முதலில் கூட்டிவிட்டால், பிறகு மனசு உறுத்தாது.

கடைசி இரவு உங்கள் கணக்கு தயாராக இருக்கும். அறை டெலிவிஷனிலோ மேஜையிலோ கேட்டு அன்றைக்கே வரி வரியாகப் பாருங்கள். குடிக்காத காபியும் வாங்காத படமும் சில சமயம் அதில் வந்து உட்கார்ந்திருக்கும். காலையில் இறங்கும் அவசரத்தில் பார்த்துப் பயனில்லை. மேஜைக்கு முன் வரிசை வால் நீண்டிருக்கும். மளிகைக் கடைச் சிட்டையில் நாலு ரூபாய் கூட்டிப் போட்டால் கூடக் கண்டுபிடித்துவிடுகிற உங்களுக்கு, இது ஒரு பிரமாதமா என்ன?